எப்சிலான்

நான் உள்ளே நுழைந்ததும்
வகுப்பு எழுந்து நின்றது.
"உக்காருங்கப்பா, நானும் ஸ்டூடண்ட்தான்" என்றேன்.
நம்பவில்லை.
கடைசி பெஞ்சில் போய் இடம் பிடித்த பிறகுதான்
ஒரு பையன் மெல்லச் சிரித்தான்,
அப்புறம் எல்லோரும்.

சேர்க்காடு. காலை ஒன்பதே முக்கால்.
முதுகலைக் கணிதம், முதலாம் ஆண்டு.
பதிவேட்டில் இருபத்து மூன்றாவது பெயர் எத்திராஜ்.
நாற்பத்தொரு வயது என்று அதில் போடுவதில்லை.

பதினாறு வருஷம் மருந்து விற்றேன்.
விற்றேன் என்பதும் சரியில்லை, காத்திருந்தேன்.
ஆற்காட்டில், குடியாத்தத்தில், ஆரணி ரோடு கிளினிக்குகளில்
நோயாளிகள் எல்லோரும் போன பிறகு
மிச்சமிருக்கும் நோயாளி மாதிரி.
மே மாத வேலூர் வெயிலில் கழுத்தில் டை,
மடியில் பை.

ஐந்து நிமிஷம் கொடுத்த டாக்டர்
பிறகு இரண்டு கொடுத்தார்.
பிறகு ஒன்று.
பிறகு, அவர் செருப்பு மாட்டும் நேரம்.
ஒரு அல்சர் மாத்திரையின் மொத்தப் பெருமையையும்
அந்தச் செருப்பு மாட்டும் நேரத்துக்குள்
மடித்து வைத்துவிடுவேன்.

ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு
ஒரு அவமானக் கதை தேவைப்படுகிறது.
அப்படி எதுவும் நடக்கவில்லை.
காட்பாடி இரண்டாம் பிளாட்பாரத்தில்
மகனின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒன்றை
மருந்து அட்டையின் பின்புறம் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஜோலார்பேட்டை வண்டி வந்தது, நின்றது, போனது.
கணக்கும் தப்பு.
ரயிலும் போச்சு.
எனக்குச் சிரிப்பு வந்தது, தனியாக, சத்தமாக.

சுகுணா ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் இருப்பவள்.
கூட்டிப் பார்க்காமல் பேசமாட்டாள்.
"எவ்ளோ நாளைக்கு?"
"ரெண்டு வருஷம்."
"அப்புறம்?"
ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
நிலோஃபர் மேடம் பலகையில் எழுதினார்:
எவ்வளவு சிறிய எப்சிலான் கொடுத்தாலும்
அதற்குப் பொருந்த ஒரு டெல்டா உண்டு.
மற்றவர்களுக்கு அது போன வருஷப் பாடம்,
கொட்டாவி.
பி.எஸ்சி. முடித்து இருபது வருஷமான எனக்கு
பலகையில் ஒரு கால் தெரிந்தது,
செருப்பைத் துழாவிக்கொண்டு.

புரிந்தது அது ஒன்றுதான்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
முதல் உள்தேர்வில் இருபத்தைந்துக்கு ஏழு.
கட்டிலுக்கடியில் இன்னும் மூன்று பெட்டி
கம்பெனி நோட்டுப் பேடுகள்.
எல்லாத் தேற்றத்துக்கும் தலைப்பில்
'நெஞ்செரிச்சலா?' என்று அச்சடித்திருக்கிறது.
வகுப்பில் பாதிப்பேர் இப்போது அதில்தான் எழுதுகிறார்கள்.
பக்கத்துப் பெண் கேட்டாள்:
"அண்ணா, இந்த மாத்திரை வேலை செய்யுமா?"
"மேடம் கிளாஸுக்குச் செய்யாது" என்றேன்.

சந்தேகம் கேட்கப் போனேன்.
அறைக் கதவில் பெயருக்கு முன்னால் டாக்டர்.
கால் தானாக நின்றுவிட்டது,
கை இல்லாத டையைச் சரி செய்தது.
என்னைவிட ஒன்பது வயது சின்னவர்,
பேரணாம்பட்டுக்காரர்.
"ஏன் வெளியில நிக்கிறீங்க? உள்ள வாங்க."
கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.
நாற்பது நிமிஷம்.
அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல்
கேட்ட சந்தேகத்தையே இன்னொருமுறை கேட்டேன்.
அதற்கும் பதில் சொன்னார்.

நேற்று பாலாற்றுப் பாலத்தில் டிராஃபிக்.
பக்கத்து வண்டியில் தயாளன்,
வயிற்றுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் அதே பை.
"இன்னாபா எத்திராஜ், இப்ப எந்தக் கம்பெனி?"
பின்னால் கட்டியிருந்த புத்தகங்களைக் காட்டினேன்.
புத்தகத்தை அவன் பார்க்கவில்லை.
"டேய், அது நம்ம டையாச்சே."
ஆமாம் என்றேன்.
"முடிச்சு நிக்குதா?"
நிற்கிறது.
சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பள்ளத்தில் மட்டும்
ஒருமுறை அவிழ்ந்தது.