படுக்கைத் தடம்

வற்று முடிகிற நேரம். டூரோஸ் ஏரியின் வாய்.
தண்ணீர் இறங்கிப்போன மணலில்
ஒரு வடிவம் கிடக்கிறது:
முன்பக்கம் மண்வெட்டி, பின்பக்கம் ஈட்டி.
இரவு யாரோ இங்கே தூங்கி எழுந்தது போல.

"தூங்கவில்லை," என்கிறாள் நோலீன்,
"வேலையில் இருந்திருக்கிறது."

தலைப்பள்ளம் ஏரியைப் பார்த்திருக்கிறது.
வற்றுநீர் இறாலை எந்த வழியாக இழுத்து வருமோ
அந்த வழிக்கு வாயை வைத்து.

ஸ்லாவ்கோ நீரின் மேற்பரப்பையே துழாவுகிறான்.
பதினோரு வருடம் இந்தக் கரையில் இருந்தும்
மீன் என்றால் நீந்துவது என்றுதான் நினைப்பு அவனுக்கு.

மணல்திட்டு முறிந்து
நீர் சட்டென்று கறுக்கும் விளிம்பு.
அங்கே எறிகிறாள் ரப்பர் புழுவை.
ஈயம் தரை தட்டட்டும்.
தூக்கு, விழவிடு.
தூக்கு, விழவிடு.
விழும்போதுதான் வரும்.

ஏழாவது எறிதலில்
மணலே வாய் திறக்கிறது.

முதலில் இழுப்பு இல்லை, பாரம் மட்டும்,
நனைந்த கோணிச்சாக்கு வருவது போல.
கால் தெரியும் ஆழத்துக்கு வந்ததும்
அந்தத் தட்டைத் தலையை ஆட்டுகிறது:
இல்லை இல்லை இல்லை.

"மணல் தட்டைத்தலையன்," என்கிறான் ஸ்லாவ்கோ.
"நிறத்தை நம்பாதே,
படுத்த தரையை உடுத்திக்கொள்ளும். வாலைப் பார்."
வால் விரிகிறது:
ஒரு கரும்பொட்டு, அதன் கீழே
ஸ்டவ் சுடரின் நீலம்.
கருந்தட்டைத்தலை இது.

அளவுகோலில் எழுபத்தெட்டு.
எழுபதைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும்.
இவ்வளவு வளர்வதெல்லாம் பெண்.
ஆண்கள் அதற்கு வெகுமுன்பே நின்றுவிடுகிறார்கள்.
ஸ்லாவ்கோ ஏதோ சொல்ல வந்து
இருமிவிட்டு நிறுத்திக்கொள்கிறான்.

கொக்கியைக் கழற்றும்போது
செவுள்மூடியின் முள்
கட்டைவிரல் சதைக்குள் இறங்குகிறது.
ஒரு கெட்ட வார்த்தையைப் பல்லிடுக்கில் வைத்தபடியே
அவள் வயிற்றைத் தாங்கி நீரில் பிடிக்கிறாள்.
செவுள் இரண்டு முறை திறந்து மூடுகிறது.
கை காலி.

"அதன் வயிற்று வழவழப்பைத் தேய்த்தால்
வலி போய்விடுமாம்," என்கிறான் அவன்.
"இப்போது சொல்."

மருந்து நீந்திப் போய்விட்டது.

ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து.
ஒவ்வொரு கியருக்கும் விரல் விண்விண் என்கிறது.
பின்சீட்டில் இரட்டையர் அடித்துக்கொள்கிறார்கள்,
யாருடைய ஷூ என்று.

பாலத்தில் ஒருகணம் வேகம் குறைக்கிறாள்.
பெருக்கு திரும்பியிருக்கிறது.
திட்டு இல்லை, பள்ளம் இல்லை.
வெறும் தண்ணீர்,
யாருமே காத்திருக்காதது போன்ற
தண்ணீர்.