பன்னிரண்டாவது தாள்

ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து
கெடாயைக் கூட்டி வந்தது ஞாயிற்றுக்கிழமை.
அவனுக்கு மில் லீவு அன்றைக்குத்தான்.
சோளத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

வாசற்படியில் சொட்டு ரத்தம் பார்த்த மறுநாளே
போன் போட்டது நான்தான்.
"பருவத்துக்கு வந்திருச்சு மாப்ள, கொண்டா."
கூலிக்கு முதல் குட்டி என்று பேச்சு.

கெடாயின் பெயர் ராணுவம்.
சிப்பிப்பாறைக்கே உரிய ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு,
ஜோடிப் பொருத்தம் பிரமாதம்.
சோளம் வாலைக் காலிடுக்கில் செருகி
சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.
மறுபடி நெருங்கியதும் காதில் ஒரு கடி.
ராணுவம் என்னைப் பார்த்தது.
நான் ஒச்சப்பனைப் பார்த்தேன்.
"தலையைப் பிடிச்சுக்கிருங்க மாமா" என்றான்.

பஞ்சவர்ணம் கொடியில் துணி காயப்போட்டபடி சொன்னாள்:
"பிடிச்ச கையை எடுங்க."

திங்கட்கிழமை மாட்டாஸ்பத்திரி.
டாக்டர் ஜெசிந்தா பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:
ரத்தம் கண்டு எத்தனை நாள்?
போன தடவை எப்போது?
இது எத்தனாவது?

செக்கானூரணியிலிருந்து பெரியார் வரை
எந்த நிறுத்தத்தில் எத்தனை தலை ஏறும்,
எந்த மரத்தடியில் போலீஸ் நிற்கும், கேட்டால் சொல்வேன்.

பஞ்சவர்ணம் மஞ்சப்பையிலிருந்து
கிழித்த காலண்டர் தாள்களை எடுத்தாள்.
"தை இருபது. ஒம்பது மாசக் குட்டி அப்ப,
கதவைப் பூட்டி வச்சேன்.
ஆவணி பதிமூணு. நீங்க திருப்பூர் சவாரி.
இப்ப பங்குனி பதினஞ்சு.
இன்னிக்கு அஞ்சாம் நாள்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.
"ரத்தம் வந்தா எண்ண ஆரம்பிக்கணும்.
அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

கண்ணாடிச் சில்லில் தடவி என்னையும் பார்க்கச் சொன்னார்.
உருண்டை உருண்டையாய், நடுவில் புள்ளி வைத்து.
நாள் நெருங்க நெருங்கப் புள்ளி அழியுமாம்,
ஓரம் மடங்கிச் சருகாகுமாம்.
சனிக்கிழமை மறுபடி பார்த்தபோது
பாதிக்கு மேல் சருகு.

அதுவரை விடிந்ததும் என் வேலை
பழைய வேட்டிக் கிழிசலை ஒற்றிப் பார்ப்பது.
ஆறாம் நாள் குங்குமம்.
ஒன்பதில் பீட்ரூட் கழுவிய தண்ணீர்.
பதினொன்றில் வைக்கோல் ஊறிய நிறம்.

தெருவுக்கு யாரும் சொல்லவில்லை.
காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஏழு பேர்,
கறிக்கடை ஒற்றைக்காதன் உட்பட,
ராத்திரி முழுக்க மண்ணைப் பறித்தார்கள்.
மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு விழுந்தது.

பன்னிரண்டு, திங்கட்கிழமை.
ஒச்சப்பன் லீவு போட்டு வந்தான், முகம் சுருங்கி.
சோளம் நின்றாள்.
முன்னங்காலை அகட்டி, வாலை
ஒரு பக்கமாய் ஒதுக்கிக் கொண்டாள்,
கதவுத் திரையை விலக்குகிற மாதிரி.
தலையை யாரும் பிடிக்கவில்லை.

பிறகு முதுகு காட்டி ஒட்டி நின்றன, இருபது நிமிஷம்.
பிரித்துவிடக் கை நீட்டினான் ஒச்சப்பன்.
பஞ்சவர்ணம் பார்த்தாள்.
கையைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் தாள்களை அடுக்கும்போது கவனித்தேன்.
சிலதில் சோளத்தின் சிவப்பு வட்டம்.
சிலதில் மூலையில் சின்னதாக ஒரு நீலப் புள்ளி,
மாதம் ஒன்று.
யாருடையது என்று கேட்க வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம்.

அறுபத்து மூன்று எண்ணி
வைகாசி இருபத்தெட்டில்
இந்த முறை நான் குறித்தேன்: குட்டி.
என் எழுத்து புரியாது என்று
அதற்குப் பக்கத்திலேயே
அவளும் ஒருமுறை எழுதினாள்.