கைகாட்டி

முதலில் பெட்ரோல் பங்க்கைக் கேட்காதீர்கள்,
படகு நேரத்தைக் கேளுங்கள் என்பேன்.
இந்தக் கரையில் சாலை என்று ஒன்று கிடையாது,
துண்டுகள்தான்.
கடல் வெட்டிப்போட்ட இடத்திலெல்லாம்
படகு போய்த் தையல் போட்டு வருகிறது.

ஹெஸ்த்நெஸ் துறையில் வாஃபிள் விற்கிறேன்.
பழுப்புச் சீஸ் வைத்தால் நாற்பத்தைந்து குரோனர்,
ஜாம் வைத்தாலும் அதே.
வழி சொல்லக் காசு இல்லை.
பதினோரு கோடையாகச் சொல்கிறேன்.

பில்லைத் திருப்பிக் கோடு போட்டுத் தருவேன்:
இங்கே நிறுத்துங்கள்.
இங்கே வேண்டாம், காற்று கார்க் கதவைப் பிடுங்கும்.
துருவ வட்டத்தைப் படகில்தான் தாண்டுவீர்கள்,
படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள்,
நீங்கள் மறுபக்கம் போய் நில்லுங்கள்,
கடல்கழுகு அங்கேதான் வரும்.
அதற்கப்புறம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள்,
மலைக்கு நடுவே நீலமாகப் பனியாறு தொங்கும்.
ஓட்டுகிறவர் பார்க்க வேண்டாம்.

ப்ரேமனிலிருந்து ஒரு தம்பதி.
அவளுக்கு ஒரே தீவில் மூன்று நாள்,
அவருக்கு மூன்று நாளில் ஒன்பது தீவு.
கல்லாவுக்கு முன்னால் நின்று சண்டை.
வரைபடத்தை மடித்துக் கொடுத்தேன்,
அவளுடைய தீவு மேலே வரும்படி.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும்.
அந்தப் பனியாற்றை நான் பார்த்ததில்லை.
கழுகைச் சொன்னது ஒரு டச்சு லாரிக்காரர்,
காற்றைச் சொன்னது கதவைப் பறிகொடுத்தவர்.
திரும்பி வருகிறவர்கள் திருத்தித் திருத்தி
என் வாய்க்குள் ஒரு கரையைக் கட்டியிருக்கிறார்கள்.
கோடையில் கடை.
குளிரில் இருட்டு.
பதினோரு வருடம் எப்படிப் போகுமோ
அப்படிப் போயிற்று.

இந்த செப்டம்பரில் ஐலிஃப் காரைச் சரிபார்த்தான்.
சமையலறை மேசையில் நான்கு மாலை உட்கார்ந்தோம்.
மூன்று இரவு, ஐந்து படகு,
ரொட்டிக்கு நடுவே வைக்க என்ன,
மழை வந்தால் என்ன,
மழை வராவிட்டால் என்ன.
நிமிடம் நிமிடமாக பிரிண்ட் எடுத்து
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினான்.
நான் சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும்
நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான்.
எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

எங்கள் வீடு துறைக்கு எண்ணூறு மீட்டர்.
அதனால்தான் தாமதமாயிற்று.
காப்பி ஃபிளாஸ்க்கை மறந்து ஒரு தடவை திரும்பினோம்,
அடுப்பை அணைத்தோமா என்று இன்னொரு தடவை.
துறைக்கு வந்தபோது தடுப்புக்கட்டை இறங்கிவிட்டது.
படகின் பின்புறத்திலிருந்து தோர்கெய்ர்
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்,
காசில்லாதவன் பையை உதறிக் காட்டுவதுபோல.
அடுத்தது இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து.

வரிசை இரண்டில், முதல் காராக, தனியாக நின்றோம்.
எதிரே என் கடை.
பலகையை நான்தான் மாட்டியிருந்தேன்: மூடப்பட்டது.
ஐலிஃப் எதுவும் பேசவில்லை, நானும்.
கண்ணாடித் துடைப்பான் ஒருமுறை போய் வந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.
கடைக் கூரைக்கு மேலே,
புகைபோக்கிக்கு இரண்டு பக்கமும் வழிந்து,
ஏழு மலை, தோளோடு தோள்,
நான்காவதற்கு மட்டும் வெயில்.
அதன் காலடியில் கடல்
தகரம் மாதிரி ஒரு இடத்தில் மின்னியது.
என் ஜன்னல் வரிசையைப் பார்த்தது.
நான் மாவு கலக்கிய இத்தனை வருடமும்
இதெல்லாம் என் முதுகில் இருந்திருக்கிறது.
மீதிச் சில்லறையை நீட்டும்போது
ஒருவரும் என் முகத்தைப் பார்க்காதது
திமிர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பின்னால் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது.
ஒரு பெண் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள்:
இங்கே பார்க்க என்ன இருக்கிறது?
கை தானாக வடக்கே உயர்ந்தது.
பிறகு இறங்கியது.
கூரையைக் காட்டினேன்.
அவள் கடை மூடியிருக்கிறதே என்றாள்.

ஐலிஃப் பட்டியலை எடுத்து
எல்லாவற்றுக்கும் மேலே ஹெஸ்த்நெஸ் என்று எழுதினான்.
எவ்வளவு நேரம் போடட்டும்?
போட்டுக்கொள் என்றேன்.
ஃபிளாஸ்க்கின் மூடி இறுகிப்போயிருந்தது.
இரண்டு பேரும் மாறி மாறித் திருகினோம்,
அது வருவதாக இல்லை.