இருபத்தெட்டு நாள்

வங்கிக் கணக்கில் பணம்
இருபத்தெட்டு நாள் அசையாமல் கிடக்க வேண்டுமாம்.
ஒரு ரூபாய் இறங்கினாலும் விசா இல்லை.
ஏழு நாள் தண்ணீர் தேங்கினால்
நோட்டீஸ் ஒட்டி வழக்குப் போடுகிறவள் நான்.

பூச்சாடித் தட்டு, டயர், பிரிட்ஜின் பின்தட்டு,
கட்டி முடியாத வீட்டின் தொட்டி,
எதையும் கவிழ்க்காமல் தாண்டிப் போனதில்லை.
இப்போது விடிந்ததும் போனைத் திறந்து
தேங்கித்தான் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
அத்தானின் சீட்டுக்காசு,
அடகு போன இரண்டு காப்பு,
உப்புவெளிச் சங்கத்தில் எடுத்த கடன்.
உற்றுப் பார்த்தால்
குடம்பிகள் போல எல்லாம் நெளிகின்றன.

எக்ஸ்ரேக்குக் கொழும்புக்கு இரவு பஸ்.
சளி சோதிக்க வாருங்கள் வாருங்கள் என்று
திருக்கடலூர் ஒழுங்கைகளில்
எத்தனை பேரை இழுத்துப் போயிருப்பேன்.
ஒருவர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு
கடலுக்குள்ளேயே ஓடினார்.
இன்று என் நெஞ்சு குளிர்ந்த பலகையில்.
"மூச்சை இழுங்க. பிடியுங்க."
பிடித்தபடி நினைத்தேன்:
அவர் ஓடியது நோய்க்குப் பயந்து இல்லை.

இதற்கெல்லாம் முந்தி, மாசியில், கட்டுரை.
ஏன் இந்தப் படிப்பு? ஐந்நூறு சொல்லுக்குள்.
மூன்று இரவு எழுதினேன்.
இரண்டாம் பந்தியில் ஒரு பிள்ளை சாகிறது.
கிண்ணியா. ஆண். நான்கு வயது.
ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது,
எல்லோரும் ஆறுதல் அடைந்தோம் என்று
ஆங்கிலத்தில் நன்றாக வந்திருந்தது அந்தப் பந்தி.
அவ்வளவு நன்றாக வந்ததுதான்
நித்திரையைக் கெடுத்தது.

பாலம் கடந்து போனேன், சீருடை இல்லாமல்.
"டெங்கு மிஸ் வந்திருக்கா!" என்று
ஏதோ ஒரு பொடியன் கத்த
ஒழுங்கை நீளத்துக்கும் வாளிகள் கவிழும் சத்தம்.

மஸாஹிரா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.
சொன்னேன். கேட்டேன்.
கத்தி நிற்கவில்லை.
"அங்க போய் என்ன படிக்கப் போறீங்க?"
"வருத்தம் வரமுதல் தடுக்கிறது."
"அதத்தானே இங்க செஞ்சீங்க."
அந்த இடத்தில் போட
என்னிடம் எந்த மேற்கோளும் இல்லை.

செதில் முழுவதும் கழுவி ஊற்றிய பிறகு
அவவாகவே சொன்னா:
"பேரப் போடுங்க மிஸ். இஹ்ஸான்.
நடுவுல ஒரு ஹ் இருக்கு.
மரணச் சேட்டிபிக்கட்ல அத விட்டுட்டாங்க.
நீங்க விட்டுடாதீங்க."

பெயர் சேர்ந்ததும் ஐந்நூற்றொன்று.
என்னைப் பற்றி நானே எழுதியிருந்த
"அர்ப்பணிப்புள்ள" என்ற சொல்லை வெட்டினேன்.

இன்று பதினேழாம் நாள்.
டோர்ச், வெள்ளைக் கரண்டி, பதிவேடு மூன்று
கிருபாநிதியிடம் ஒப்படைத்தாயிற்று.
"டயர்க்கடை முதலாளியோடு சிரித்துப் பேசாதே,
முதலில் நோட்டீசை எழுது" என்றேன்.
தலையாட்டினான்.
பிறவியிலேயே சிரித்த முகம், என்ன செய்ய.

ஐப்பசியில் இங்கே மழை பிடிக்கும்போது
லீட்ஸில் நான் குடை வாங்கிக்கொண்டிருப்பேன்.
டெங்கு நுளம்பு அந்தக் குளிரில் வாழாதாம்.
வாழாத ஊரில் அதைப் பற்றிப் படிக்க
கம்பளிச் சட்டை இரண்டு,
கடனுக்கு வாங்கிய சப்பாத்து.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்
பஸ் நிலையக் குழாயடியில் ஒரு மான்.
யாரோ எறிந்த ஐஸ்கிரீம் டப்பாவில் தேங்கியதை
நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.
எப்படியும் எட்டு நாள் தண்ணீர்.
குடித்து முடிக்கும் வரை நின்றேன்.
பஸ் போய்விட்டது.
பிறகு டப்பாவைக் கவிழ்த்தேன்.