நீலப் புள்ளி

ஈஜிபுரா, ஞாயிறு மதியம் மூன்று மணி.
செருப்புப் பெட்டி அட்டையில்
பன்னிரண்டு போன்கள் வெட்டி வைத்திருந்தேன்.
"திரை காலி. வேண்டியதை
நீங்களே வரையுங்க" என்றேன்,
ஏதோ தானம் கொடுப்பவன் மாதிரி.

சம்பளத் தேதி, லீவு,
நாய் கடிக்குமா,
லிஃப்டில் ஏறலாமா.
பேபி மட்டும்
ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.
அது என்ன?
முழங்கையால் இடித்துச் சிரித்தார்கள்.
லூர்துதான் சொன்னாள்:
"ஒண்ணுக்குப் போக விடுற வீடு, சார்."

ஆறு மாதம் ஆராய்ந்து நான் செய்த
நாற்பது ஐகான்களில்
அது இல்லை.

அட்டைகளை ஓரம் தள்ளிவிட்டுத்
தரையிலேயே சாக்பீஸால்
கோரமங்கலாவைத் தெருத்தெருவாக இழுத்தார்கள்.
அவளவள் வேலை செய்யும் வீட்டுக்கு
அவளவளே புள்ளி.
ஆறாவது பிளாக் முழுக்கத் தேடி
இரண்டே இரண்டு.

"பார்க்குக்கு எதிர்ல, பச்சை கேட்டு,
மூணாவது மாடி? அங்க யாருடி?"

என் வீடு.

கன்னியம்மா நீலச் சாக்பீஸை எடுத்தாள்.
குனிந்தாள்.
என்னை ஒருமுறை பார்த்தாள்.
பிறகு அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு
விரலில் ஒட்டியதைப்
புடவையில் துடைத்துக்கொண்டாள்.