யன்னல் வைத்த பை

முதல் பன்னிரண்டு பையையும் மிஸ்ஸி திருப்பி அனுப்பினா.
பூ நல்லா இருக்கு, மறுகா
போத்தல்ல எத்தனை மில்லி எண்டு
நான் எப்படிப் பார்க்கிற?

நியாயம்தான்.
என் போத்தலை நான்
காத்தான்குடிப் புடவைக்கடைச் சொப்பிங் பேக்கில் போட்டு
ஒன்பது நாள் கையில் பிடித்துத் திரிந்தவள்.
'பெருநாள் மலிவு விற்பனை' என்று எழுதியிருந்த பேக்.
அதற்குள் என்னிலிருந்து வடிந்த சிவப்பு.
கல்லடிப் பாலத்தில் பஸ் குலுங்க
இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.
பக்கத்துச் சீட்டில் இருந்தவ கேட்டா,
மீனாணமா கொண்டு போறீங்க?
ஓம் என்றேன்.

ஆக, யன்னல் வைத்தேன்.
கொப்பிக்குப் போடும் தெளிவான பிளாஸ்டிக் உறை,
இரண்டு விரல் அகலம்,
மேலே ஒரு மூடி. தூக்கினால் அளவு தெரியும்,
விட்டால் வெறும் பை.
பூவை மூடியில் தைத்தேன். அதை விட மனமில்லை.

கறுப்புத் துணி ஜெசிமாவின் கடையில்,
அபாயா வெட்டி மிஞ்சியது, சாக்குக் கணக்கில்.
காசு வேணாம் என்றா.
உள்ளுக்கு உடைந்த குடைகளின் சீலை,
கசிந்தாலும் தாங்கும்.
ஆரையம்பதியில் பத்தரைக்கு மேல் மெசின் மிதிப்பதில்லை,
அடுத்த வீட்டுப் பெடியனுக்குச் சோதனை.
வார் மட்டும் கையால்.

அந்த வார்தான் எவருக்கும் சரிவரவில்லை.
களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு முழங்காலில் தட்டியது.
வாகரை அக்கா முடிச்சுப் போட்டபடியே திருப்பித் தந்தா,
கழுவி, மடித்து,
உள்ளே மறந்துபோன ஒரு சட்டைப் பொத்தானோடு.
முடிச்சை அவிழ்க்காமல்
அந்த இடத்தில் சோக்கால் கோடு போட்டேன்.
இந்த உயரத்தில்தான் அவ
தன்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறா.

டொக்டர் எனக்குப் போட்டது இருபத்தொரு தையல்.
எண்ணியிருக்கிறேன்.
ஒரு பைக்கு நான் போடுவதை
எண்ணியதில்லை.

போன செவ்வாய் கிளினிக்கில் ஒரு ஆம்பிளை.
பழுகாமத்தார், பஸ் கொண்டக்டர்.
ஆம்பிளைக்கும் வருமாம். அவருக்கும் முன்னம் தெரியாது.
பூப் போட்டதைக் கொடுத்துவிட்டார்கள்.
மாத்தித் தாறன் என்று எழும்பினேன்.
வேணாம் புள்ள, என்று
வாரைக் குறுக்கே மாட்டினார்.
முப்பது வருசப் பழக்கத்தில் தோள் தானாய்ச் சரிந்தது.
பை மூடியை இருதரம் தட்டி
வாங்கு நிறைய இருந்த எங்களைப் பார்த்து,
பின்னுக்கு இடம் கிடக்கு,
உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க!

தாந்தாமலையிலிருந்து வந்தவதான் முதலில் வெடித்தா,
வந்த நாள் தொட்டு ஒரு சொல் பேசாதவ.
பிறகு எல்லாரும்
நெஞ்சைப் பொத்திக்கொண்டு,
ஐயோ, தையல் இழுக்குது, சிரிக்க வைக்காதீங்க.
மிஸ்ஸி எட்டிப் பார்த்தா.

நாளைக்குக் காக்கித் துணி தேட வேணும்.
ஒரு பக்கம், சில்லறைக்கு,
சின்னதாய் ஒரு அறை வைக்கலாம்.