தாய்வழி

ஐந்தாவது சாடியைக் கவிழ்த்து
மண் கரையும்வரை அலசினேன்.
வேர் நுனிகள் தூண்டில் முள்ளாய் வளைந்திருந்தன,
வளைவுக்கு ஒரு கட்டி.
நாற்பத்தொன்று என்றேன்.
சுகிர்தமலர் கொப்பியில் எழுதினாள்.
ஆறாவது, அறுபத்தேழு.
ஏழாவதை எண்ணாமலே விட்டோம்,
அதில் வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

சம்மாந்துறை வட்டையில் இதற்கு ஒரு பெயரில்லை.
யூரியா காணாது என்பார்கள்,
தண்ணி பிந்திட்டு என்று
வட்ட விதானையை ஏசுவார்கள்.
வரவை திட்டுத்திட்டாய் மஞ்சளிக்கும்போது
கீழே ஒரு நூல், கண்ணுக்கு அகப்படாத நூல்,
வேருக்குள் குடிபுகுந்து
படுத்த இடத்தில் தின்று
படுத்த இடத்திலேயே முட்டையிடும்.

பிற தேசத்து நெல் வந்தது,
கடித உறைக்குள் இருபது மணி.
சிவந்த உமி, பூனை மீசை போலக் கூர்,
கதிரில் விரல் பட்டால் கொட்டிப்போகும்.
அந்த வேருக்குள்ளும் புழு நுழையத்தான் செய்யும்.
நுழைந்த இடத்தைச் சுற்றி
வேர் தன் கலங்களைத் தானே சாகடிக்கும்,
விருந்தாளி வந்து குந்தியபின்
அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதுபோல்.
நுணுக்குக்காட்டியில் பார்த்தேன்:
சாயத்தில் சிவந்த ஒரு கீற்று,
பட்டினி கிடந்து மெலிந்தது,
சுற்றிலும் கபில நிறத் தழும்பு.

பின்னேரம் பூவின் நுனி கத்தரித்து
ஆறு மகரந்தக் கூட்டையும் எடுத்தேன்.
ஒன்று தப்பினாலும் பிள்ளை பொய்.
கடதாசிப் பை மாட்டினேன்.
மறுநாள் பத்து மணி வெயிலில்
வந்தவன் பூ விரிந்தது,
தலைக்கு மேல் பிடித்துத் தட்டினேன்.

தாய் எங்கள் நெல்தான்.
இந்தப் பக்கத்தில் குடி தாய்வழி, வளவும் பெண்ணுக்கு.
மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டியில்
அந்த ஒரு பிடிவாதம் போதும் எங்களுக்கு.
மீசையும் சிவப்பும் கொட்டுகிற குணமும் கழியட்டுமென்று
பிள்ளையைத் தாய் வீட்டிலேயே கட்டிக்கொடுத்தோம்,
அதன் பிள்ளையையும்,
அதன் பிள்ளையையும்.
ஒரே குடிக்குள் சம்பந்தம்.
மனிதருக்கு ஆகாது.

ஆறு போகம் போனது.
ஒன்றை வெள்ளம் எடுத்தது.
ஒன்றில் யானை வந்து
வேலியோடு சாடிகளையும் மிதித்தது,
இலக்கத் தகடுகளைச் சேற்றில் துழாவிப் பொறுக்கினோம்.

தேத்தண்ணி நேரம்
கோதுமை ரொட்டியைப் பிய்த்தபடி மலர் சொன்னாள்:
"இந்த மாவுக்கும் எங்கயோ ஒருத்தி
வேர் எண்ணியிருப்பாள்."
அவளுக்கும் முதுகு நொந்திருக்கும் என்றேன்.
சீனி போதாது என்றாள்.

மீராலெவ்வை காக்கா
வக்கடையோரம் ஒரு வரவை தந்தார்.
மஞ்சளே இல்லை.
சுற்றிவந்து பார்த்தார், இரண்டு தரம் பிடுங்கியும் பார்த்தார்,
ஓம் என்றார்.
வெட்டி, குத்தி, வீட்டில் ஆக்கி
மூன்றாம் நாள் சைக்கிளில் வந்தார்.
"மகள், ராவைக்குச் சோறு விறைச்சுப் போகுது.
புழுவும் தின்னல்ல, சரி.
புள்ளயளும் தின்னல்ல."

சிரித்தது மலர்தான் முதலில்.
எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் சென்றது.
அந்தப் பிடிவாதத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு
வேறெதுவோ கூடவே வந்திருக்கிறது,
ஆறு தலைமுறையும் எங்கள் கண்ணில் படாமல்.

திரும்பவும் கத்தரிக்கோல், கடதாசிப் பை,
திரும்பவும் பத்து மணி.

இன்று இருநூற்றுப் பன்னிரண்டாம் சாடி.
வேரைப் பார்க்கப் பிடுங்கத்தான் வேண்டும்,
வேறு வழி இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.
அலசினேன். வெளிச்சத்தில் விரித்தேன்.
நுனிகள் நேராக, வெள்ளையாக.
"எத்தனை?"
"பூச்சியம்."
அவள் பேனையை நிறுத்தி அந்தச் சொல்லைப் பார்த்தாள்,
பூச்சியில் தொடங்குகிறது என்றாள்.

தாளைப் பாதிக்கு வெட்டி
பிடுங்கியதை வேறு மண்ணில் நட்டேன்.
பிழைத்தால் கதிர்.
கதிர் வந்தால் ஒரு கைப்பிடி அரிசி.
அதை இரவுவரை வைத்திருந்து
நானே தின்று பார்க்க வேண்டும்.